காட்டெருமைக்குப் போட்ட கேட்டு

எங்கள் கோர்ட்டுக்கு ஆசைப்பட்டு வந்த முன்சீப் என்று நான் ஒருவரையும் பார்த்ததில்லை. மாற்றல் ஆர்டர் வந்துவிட்டதே என்று வருவார்கள். அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். பாலாமணி அம்மாவும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். தாராபுரத்து வெயிலில் வளர்ந்த உடம்பு. கோத்தகிரிப் பனியில் முதல் வாரமே மூச்சிரைப்பு பிடித்துக்கொண்டது. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் கவுன், மேஜையில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், அதன் பக்கத்தில் இன்ஹேலர். கணவருக்கு ஈரோட்டில் வேலை. சனிக்கிழமைகளில் மலையேறி வருவார், அல்லது வரமாட்டார். அம்மா எதைப் பற்றியும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. குரல் உயர்த்தியும் கேட்டதில்லை. அதனால் அவரைச் சாது என்று நினைத்தவர்கள் உண்டு. கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் அயூப், அந்தக் கோர்ட்டின் பெஞ்ச் கிளார்க். கேஸ் நம்பரைக் கூப்பிடுவதும் கேஸ் கட்டை எடுத்துக் கொடுப்பதும் அடுத்த வாய்தா தேதியைச் சொல்வதும்தான் என் உத்தியோகம். தேதி சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப்போனது. வீட்டில் நபீசா கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னால்கூட "அடுத்த மாதம் பதினைந்து" என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

புதிதாக ஒரு முன்சீப் வந்தால் வக்கீல்கள் முதலில் விசாரிப்பது அவர் எங்கே படித்தார் என்பதை அல்ல, என்ன ஆள் என்பதைத்தான். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலாமணி அம்மா விஷயத்தில் மட்டும் யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. என்னிடம் வந்து கேட்டார்கள். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க, நான் பாய்" என்றேன். இந்தப் பதில் எனக்கு வாழ்நாள் முழுக்க ரொம்ப வசதியாக இருந்திருக்கிறது.

தேயிலை விலை விழுந்து எழுந்திருக்காமலே கிடந்த வருஷங்கள் அவை. பச்சை இலையைப் பறித்து ஃபாக்டரிக்குக் கொண்டுபோகிற கூலிகூடத் தேறவில்லை என்று சின்ன விவசாயிகள் இலையைச் செடியிலேயே விட்டார்கள். எஸ்டேட்டுகளில் நாள் விட்டு நாள் வேலை. பிறகு அதுவும் இல்லை. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் போகிறவர்கள் மூட்டையும் முடிச்சுமாக நிற்பார்கள். எங்கள் கோர்ட்டில் மட்டும் கூட்டம் குறையவில்லை. கையில் வேலை இல்லாதவர்களுக்குப் பழைய சண்டைகள் ஞாபகம் வந்துவிடும் போல.

நரிப்பள்ளம் எஸ்டேட் கேஸ் அப்படிப்பட்ட சண்டை அல்ல. அது அம்மாவுக்கு முந்தைய முன்சீப்புகள் காலத்திலிருந்தே எனக்குப் பழக்கமான கட்டு. கீழ் கோத்தகிரி போகிற ரோட்டில் இருக்கிறது நரிப்பள்ளம். அடியில் தொழிலாளர் குடியிருப்பு. அங்கே இருப்பவர்கள் அதை லயம் என்பார்கள். சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்கள், அங்கேயிருந்து கொண்டுவந்த சொல். லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு ஒரு ஜீப் ரோடு நேராக மேலே ஏறும். விலை விழுந்ததும் எஸ்டேட் முதலாளி அந்த ரோட்டின் இரண்டு பக்கத்தையும் மனைபோட்டு விற்றார். கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் வாங்கி வீடு கட்டினார்கள். மேட்டு நகர் என்று பெயர் வைத்தார்கள். நல்ல வீடுகள், வாசலில் ரோஜா. வீடுகள் முடிந்ததும் முதல் காரியமாக லயத்தின் பக்கம் ரோட்டை மறித்து ஓர் இரும்பு கேட்டைப் போட்டுப் பூட்டினார்கள்.

காட்டெருமை வருகிறது, அதற்காகத்தான் கேட்டு என்றார் மேட்டு நகர் சங்கத் தலைவர் வேலுமணி. எழுதிக் கொடுத்த பதிலுரையிலும் அதுதான் இருந்தது. காட்டெருமை வருவது பொய்யில்லை. ஆனால் அந்தப் பூட்டுக்கு மாற்றுச் சாவி மேட்டு நகரில் எல்லா வீட்டிலும் இருந்தது, பால்காரரிடம் இருந்தது, பேப்பர் போடுகிறவரிடம் இருந்தது. லயத்தில் ஒருவரிடமும் இல்லை. லயத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தாழ்த்தப்பட்ட சாதி. வாதத்தில் இரண்டு பக்க வக்கீல்களும் பாதை, பாதை என்றே பேசினார்கள். சாதி என்ற சொல் கேஸ் கட்டில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. ஆனால் கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் போலீஸ்காரருக்குக்கூட இது எதைப் பற்றிய கேஸ் என்று தெரியும்.

வழக்குப் போட்டது கருப்பம்மா. இலை பறிக்கிறவர். கேட்டைப் பூட்டிய வருஷம் அவருடைய மகள் சின்னம்மை தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வலி எடுத்தபோது ஜீப் மேலே வந்து நின்றது. கேட்டில் பூட்டு. அன்றைக்கு மேட்டு நகரே ஒரு கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போயிருந்தது. சின்னம்மையைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு கீழ்வழியாகப் போனார்கள். கீழ்வழி என்றால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, சீகை மரக் காட்டுக்குள் ஏறி, பஸ் ரோட்டைப் பிடிப்பது. பிள்ளை ஓடைக்கரையிலேயே பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் போய்விட்டது.

சின்னம்மை புருஷனோடு திருப்பூருக்குப் போனவள் திரும்பவில்லை. இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். வளைகாப்புப் போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும் என்று கருப்பம்மா ஆளனுப்பினால், அந்தக் கேட்டு இருக்கிற ஊருக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாளாம். கருப்பம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். மகள் வீட்டுக்கு வர வேண்டும்.

மேட்டு நகருக்கு வக்கீல் சரத். இளவட்டம், நல்ல சட்டை, நல்ல பேச்சு. கருப்பம்மாவுக்கு இலவசச் சட்ட உதவியில் சில்வஸ்டர். வயதானவர். அவர் எழுந்து நிற்பதற்குள் சரத் அரை வாதத்தை முடித்திருப்பார். பாலாமணி அம்மா முன்னால் கேஸ் வந்த அன்றைக்குச் சரத் சொன்ன வாதம் புதிது.

"லயத்துல இருந்தவங்க முக்கால்வாசிப் பேர் காலி பண்ணிட்டுத் திருப்பூர் போயிட்டாங்கம்மா. எஸ்டேட்டே ஓடல. இன்னும் கொஞ்ச நாள்ல அங்க ஆளே இருக்காது. யாருக்காகப் பாதை? இந்தக் கேஸ்ல இனி ஒண்ணும் இல்லைங்கம்மா."

எனக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. கட்டுகள் குறைந்தால் சரி என்கிற மனநிலைக்கு நான் எப்போதோ வந்துவிட்டிருந்தேன். பாலாமணி அம்மா வெந்நீரை ஒரு வாய் குடித்தார்.

"கருப்பம்மா இருக்காங்களா?"

கருப்பம்மா கூண்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இருக்கேங்கம்மா."

"அவங்க இருக்காங்க" என்றார் அம்மா, சரத்தைப் பார்த்து. "இடத்தைப் பார்க்கணும்."

இடத்தைப் பார்ப்பதென்றால் வழக்கமாக ஓர் இளம் வக்கீலைக் கமிஷனராகப் போட்டு அனுப்புவோம். அவர் போய், வசதியான பக்கத்து வீட்டில் டிபன் சாப்பிட்டு, வரைபடம் போட்டுக் கொண்டுவருவார். நான் பேனாவை எடுத்துக்கொண்டு யாரை நியமிக்கலாம் என்று பார்த்தேன்.

"நானே போறேன்" என்றார் அம்மா. "நீங்களும் வாங்க, அயூப். காலையில போவோம். லயத்துல இருந்து ஆளுங்க வெளிய கிளம்பற நேரம்."

இரண்டு தரப்புக்கும் தேதி சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். சொன்னோம். அதன் பலனை அன்று காலையில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே பார்த்தேன். கேட்டு அகலத் திறந்து கிடந்தது. பூட்டு இல்லை, சங்கிலி இல்லை. கீல்களில் புது எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு பூப்போட்ட துண்டு. வேலுமணி வெள்ளை வேட்டியில் கும்பிட்டபடி வந்தார். அவருடைய மனைவி மருதாம்பாள் தட்டில் காபியோடு வாசலில் நின்றார். கனத்த உடம்பு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏனுங்கம்மா, பனியில நிக்கறீங்களே, உக்காருங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு அப்புறம் பாக்கலாமுங்க" என்றார் வேலுமணி.

வேலுமணி கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கோயமுத்தூரில் இரும்புக் கடை வைத்திருந்தவர். யாரையும் ஒருமையில் கூப்பிடமாட்டார். லயத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்தனுப்புவாராம். கேட்டுக்கு மேலாக. இந்த மாதிரி ஆட்கள்மேல் கோபப்படவும் முடியாது, கோபப்படாமல் இருக்கவும் முடியாது. அதுதான் மனிதனை ரொம்பக் களைக்கவைக்கிறது.

அம்மா காபியை வேண்டாம் என்றார். நாற்காலியிலும் உட்காரவில்லை. கேட்டுக்கு உள்பக்கம் ஓரமாக நின்றார். நானும் நின்றேன். சரத் நின்றார். சில்வஸ்டர் மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், யாரும் சொல்லாமலே. கருப்பம்மா கேட்டுக்கு வெளியே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் லயத்திலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். சொந்த எஸ்டேட்டில் வேலை இல்லாததால் வேறு எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள், முதுகில் கூடையோடு. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றது. கேட்டு திறந்திருப்பதைப் பார்த்தார்கள். எங்களையும் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக இடதுபக்கம் திரும்பிப் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். ஒரு சின்னப் பிள்ளை முதல் வகுப்புகூட இருக்காது. அதற்குக்கூட யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திறந்த கேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதுவாகவே திரும்பி இறங்கியது.

சரத்துக்கு முகம் பூத்துவிட்டது.

"பார்த்தீங்களாம்மா. கேட்டு தொறந்துதான் கெடக்குது. யாரும் அவங்களத் தடுக்கல. அவங்களா வரதில்லை. இதக் குறிச்சுக்கணும்ங்கம்மா."

"குறிச்சுக்கறேன்" என்றார் அம்மா. நிஜமாகவே என்னிடமிருந்து காகிதத்தை வாங்கிக் குறித்துக்கொண்டார். சில்வஸ்டர் நாற்காலியில் இருந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். கேஸ் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இவ்வளவு வருஷம் இழுத்த கேஸை இந்தச் சனங்களே இப்படி ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டார்களே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அம்மா கருப்பம்மா பக்கம் திரும்பினார். "கேட்டு தொறந்துதானேம்மா இருக்கு. ஏன் யாரும் வரலை?"

கருப்பம்மா கொஞ்சம் யோசித்தார். "இன்னைக்குத் தொறந்திருக்குதுங்கம்மா. நீங்க சீப்புல ஏறிப் போயிருவீங்க. எங்க புள்ளைங்க நாளைக்கும் இங்கதானே இருக்கணும்."

அம்மா மேட்டு நகர் ரோட்டில் மெதுவாக நாலடி நடந்தார். வேலுமணி வீட்டுக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தார். ரோட்டின் நடுவில் ஒரு பெரிய சாணக் குவியல், ஈரம் காயாதது. பக்கத்து ரோஜாச் செடி பாதி தின்னப்பட்டிருந்தது.

"இது என்னங்க?" என்றார் வேலுமணியிடம்.

வேலுமணி தலையைச் சொறிந்தார். "காட்டெருமைங்கம்மா. ராத்திரி வந்திருக்கும். அது சொவத்தையே தாண்டுமுங்க."

"கேட்டு பூட்டியிருந்தாலுமா?"

"அதுக்குக் கேட்டாவது ஒண்ணாவதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சரத் அவர் முழங்கையைத் தொட்டார், ஆனால் நேரம் கடந்துவிட்டது. அம்மா அதையும் குறித்துக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கீழ்வழியையும் பார்க்கணும்" என்றார்.

"அம்மாவுக்கு மூச்சு..." என்று இழுத்தேன்.

"மெதுவாப் போவோம்."

சரத் அவருடைய ஷூவைப் பார்த்தார். மேலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். வேலுமணியும் அப்படியே. சில்வஸ்டர் பாதி இறக்கம் வரை வந்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் அம்மாவும் கருப்பம்மாவும்தான் இறங்கினோம். மழை பெய்து மண் குழைந்திருந்தது. நான் இரண்டு முறை சறுக்கினேன், ஒரு முறை முழுசாக உட்கார்ந்தேன். காலில் அட்டை. கருப்பம்மா உப்புத் துணியைக் கொடுத்தார். அந்த வழியில் தினம் போகிறவர்கள் உப்புத் துணியை இடுப்பிலேயே வைத்திருப்பார்களாம். அம்மா நின்று நின்று இறங்கினார். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இன்ஹேலரை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஓடையில் ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதற்கு இந்தப்பக்கம் தட்டையான ஒரு பாறை. கருப்பம்மா அதைக் காட்டினார்.

"இங்கதானுங்கம்மா."

அம்மா அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மூச்சுக்காக நிற்கிறாரா, வேறு எதற்காகவாவது நிற்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பலகையில் கால் வைத்தார். கருப்பம்மா பிடித்துக்கொள்ளக் கையை நீட்டப் போய், பாதியில் இழுத்துக்கொண்டார். அம்மா தன் கையை நீட்டிக்கொண்டே நின்றார். கருப்பம்மா பிடிக்கிறவரை நகரவில்லை.

அந்தக் கை பிடித்ததைக் கேஸ் கட்டில் எழுத முடியாது. கட்சிக்காரரின் கையை நீதிபதி பிடிக்கலாமா என்று சட்டப்படி கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் அன்றைக்கு மேலே ஏறும்போது, இத்தனை வருஷம் இந்தக் கட்டை எத்தனை முறை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருப்போம் என்று நினைத்து எனக்கு உடம்பு முழுக்க அலுப்பாக இருந்தது. நான் தள்ளவில்லை, தேதிதான் சொன்னேன். ஆனாலும் அலுப்பாக இருந்தது.

பஸ் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலையில் கிளம்பின பிள்ளைகளின் பள்ளிக்கூட பஸ் போய்விட்டிருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் அடுத்த பஸ்ஸுக்காக ரோட்டோரம் குந்தியிருந்தன. அம்மா அவர்களிடம் தினமும் இப்படித்தானா என்று கேட்டார். மழைக்காலத்தில் மட்டும்தான் என்றது ஒன்று. நீலகிரியில் மழைக்காலம் எவ்வளவு நாள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

தீர்ப்பை அம்மா யாரையும் டைப் அடிக்க விடவில்லை. கையாலேயே எழுதினார், தமிழிலேயே. திறந்த கோர்ட்டில் மெல்லிய குரலில் வாசித்தார். நடுவில் மூச்சு வாங்கினார். எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிற இடம் ஒன்று உண்டு. "கேட்டைத் திறந்து வைத்த அன்றும் அந்த வழியே யாரும் வரவில்லை என்பதைப் பிரதிவாதி தமக்குச் சாதகமாகச் சொல்கிறார். திறந்த கேட்டின் முன்னால் ஒரு குழந்தை தானாகத் திரும்பிப் போகிறதென்றால், அந்தக் கேட்டு யாருக்காக மூடப்பட்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அது காட்டெருமைக்காக அல்ல. சாதிக்காக."

அந்தக் கடைசிச் சொல்லை வாசித்தபோது வக்கீல்கள் பெஞ்சில் தலைகள் நிமிர்ந்தன. எங்கள் கோர்ட்டில் ஒரு பாதை வழக்கில் அந்தச் சொல்லை எழுதின தீர்ப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேட்டைத் தூண்களோடு அகற்ற வேண்டும். லயத்தில் வசிப்பவர்களும் அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் அந்த ரோட்டில் எந்த நேரத்திலும், எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கவும் வண்டியில் போகவும் உரிமை உண்டு. இதுதான் உத்தரவு.

மேட்டு நகர்க்காரர்கள் அப்பீல் போகவில்லை. செலவு பார்த்தார்களா, வெட்கமா, தெரியாது. கோர்ட் அமீனா ஆட்களோடு போய்க் கேட்டைப் பிடுங்கினார். நானும் கூடப் போனேன். தூண்கள் பெயர்ந்ததும் லயத்துப் பெண்கள் கூடிநின்று பார்த்தார்கள். யாரும் முன்னால் வரவில்லை. கடைசியில் கருப்பம்மாதான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்.

அவர் கேட்டு இருந்த இடத்தைத் தாண்டியதும் முதல் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டை நெருங்கினார், அதுவும் சாத்திக்கொண்டது. அதற்கடுத்த வீட்டில் வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து உள்ளே போய்ச் சாத்தினார். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. முறைக்கக்கூட இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் அவர் போகப் போக வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டன. வேலுமணி வீட்டில் மருதாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து சாத்தினார்.

பஸ் ரோட்டில் நான் அவரைப் பிடித்தேன். கருப்பம்மாவின் முகம் கல் மாதிரி இருந்தது.

"கேட்டு ஒண்ணுதான்னு நெனச்சுக் கேஸ் போட்டுட்டேங்கய்யா" என்றார். "வயித்துப் புள்ளையோட எம் மவ இது ஊடால எப்படி வருவா?"

எனக்கு அழுகை வந்தது. வந்ததைச் சொல்வதில் என்ன வெட்கம். கோர்ட்டுக்குத் திரும்பி வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டேன். அன்றைக்குத்தான் அவருக்கு மாற்றல் ஆர்டரும் வந்திருந்தது. சமவெளிக்கு. மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"ஒருத்தர் தன் வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாதுன்னு நான் எப்படி ஆர்டர் போடறது, அயூப்" என்றார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு களைத்துப்போன முகத்தை நான் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை. "என்னால முடிஞ்சது அந்த ரோடு மட்டும்தான். எத்தனை தடவை வேணும்னாலும்னு எழுதியிருக்கேன். அவங்ககிட்ட அதச் சொல்லுங்க. நகலை வாங்கிக் கொடுத்து, அந்த வரியைப் படிச்சுக் காட்டுங்க."

படித்துக் காட்டினேன். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கருப்பம்மா அந்த வரியை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். பிறகு நகலை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

அம்மா மலையிறங்கிப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நரிப்பள்ளத்துக்குப் போனேன். போய்ப் பார்த்துவிட்டு ஃபோன் பண்ணச் சொல்லியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினபோது கருப்பம்மா மேட்டு நகர் ரோட்டில் எனக்கு எதிரே வந்தார். கையில் ஒன்றும் இல்லை. பஸ் ரோட்டைத் தொட்டார். திரும்பினார். மறுபடியும் இறங்கி நடந்தார். கூடவே நடந்தேன்.

"எங்கம்மா போறீங்க?"

"எங்கயும் இல்லீங்க. நடக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

"விடிஞ்சதுல இருந்துங்க. தோட்டத்துல வேல ஏது? சும்மா லயத்துல குந்தியிருக்கிறதுக்கு இங்க நடக்கலாமே. எத்தன தடவை வேணும்னாலும் போலாம்னு அம்மா எழுதியிருக்காங்கதானே."

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததிலிருந்து தினமும் இப்படித்தானாம். முதல் நாள் இவர் போகும்போதும் வரும்போதும் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. அடுத்த நாளும். ஒரு மனுஷி காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரம்தான் ஒருவர் எழுந்து எழுந்து கதவைச் சாத்துவார்? அடுப்பில் பால் இருக்கும், குளிக்கத் தண்ணீர் போட்டிருப்பார்கள், பேரன் தூங்கியிருப்பான். சாத்தியே வைத்துவிட்டால் வீட்டுக்குள் புகை அடைகிறது, துணி காய்கிறதில்லை. முதலில் கடைசி வீட்டுக்காரர் விட்டுவிட்டாராம். பிறகு அதற்கு முந்தின வீடு. நான் பார்த்தபோது திறந்த கதவுகளே அதிகம். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் பேப்பரைக் கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டார். கதவை அவர் தொடவில்லை. லயத்துப் பெண்கள் இரண்டு பேர் எங்களுக்கு முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். சத்தம் போடாமல், வேகமாக. ஆனால் ரோட்டின் நடுவில்.

எல்லோரும் ஓய்ந்த பிறகும் ஓயாதது வேலுமணி வீட்டுக் கதவுதான் என்றார் கருப்பம்மா. வேலுமணி அல்ல, அவர் இந்த நேரத்துக்குக் கோயமுத்தூர் போய்விடுகிறார். மருதாம்பாள்தான்.

நாங்கள் போகும்போது மருதாம்பாள் வாசல் நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தை இறக்கிவைத்தார். நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார். பாதி எழுந்தவர் அப்படியே பழையபடி உட்கார்ந்துவிட்டார்.

"இன்னம் எத்தன வாட்டி போவ நீ?" என்று கேட்டார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கருப்பம்மா நின்றார். "கால் நோவற வரைக்குமுங்க."

"எனக்கு இப்பவே நோவுது." மருதாம்பாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. வெறும் அலுப்பு. "எதுக்கு இப்பிடி நடக்கற? என்னதான் வேணும் உனக்கு?"

"எம் மவளக் கூட்டிட்டு வரணுமுங்க. பிரசவத்துக்கு. இந்த வழியாத்தான் சீப்பு வரணும்."

மருதாம்பாள் கீரைத்தண்டு ஒன்றை எடுத்தார், கிள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். அந்தக் கல்யாணத்துக்கு ஊரே போயிருந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. கதவு அவருக்குப் பின்னால் திறந்தேதான் கிடந்தது. கருப்பம்மா இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நடக்கத் திரும்பினார்.

"எத்தன மாசம்?" என்றார் மருதாம்பாள்.

"ஏழு முடியப் போகுதுங்க."

"ரோட்டுல எங்க ஊட்டு முன்னாலதான் பள்ளம் பெருசு" என்றார் மருதாம்பாள், கீரையைப் பார்த்துக்கொண்டே. "மெதுவா ஓட்டச் சொல்லு."